மின் பொறியியலும் எங்கள் வீட்டுக் கணக்கும்

பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கு மின் பொறியியல் மீது ஆசை. செலவு என்ன, வரவு என்ன என்று கூட்டிப் பார்த்தோம். சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு வழிச் சேர்ந்தால், தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 2017இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 55,000 ரூபாய், நான்காண்டுக்கு 2,20,000. கோவில்பட்டியிலேயே 1984 முதல் நேஷனல் பொறியியல் கல்லூரி இருப்பதால் விடுதிச் செலவு மிச்சம். ஆனால் அந்த நான்காண்டும் தீப்பெட்டி ஆலைக்குப் போனால் வரும் கூலியை யாரும் செலவில் எழுதுவதில்லை. மழை பொய்த்துக் கரிசலில் உளுந்து கருகும் ஆண்டில் பல வீடுகளுக்கு அதுதான் அரிசி!

மேல்நிலை இரண்டு, பட்டம் நான்கு, ஆக ஆறாண்டு. பாலிடெக்னிக்கில் மூன்று, பிறகு நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்து மூன்று, அதுவும் ஆறே. இடையில் பணம் முட்டினால், டிப்ளமோவைக் கொண்டு நூற்பாலையிலோ கயத்தாறு காற்றாலையிலோ வேலை தேடலாம். எங்களுக்கு இதுவே தோதாகப் படுகிறது. அண்ணன்மாருக்கு மட்டும் இந்தக் கணக்கை எந்த வீட்டிலும் போட்டதில்லை.