ரூபாய் நோட்டில் இருக்கிறது தமிழ்

மொரீஷியஸ் தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஃபிளாக் ஊரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை களை கட்டியிருக்கிறது. காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நிற்கும் பெங்களூர்ப் பெண், முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றைக் கையால் காட்டி விலை கேட்கிறார். "மூரூம்" என்கிறார் கடைக்காரர். பக்கத்தில் கிடக்கும் பீர்க்கங்காயைத் தொட்டால் "பிப்பங்காய்" என்கிறார். பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க தமிழா?" என்று கேட்கிறார். கடைக்காரர் நெற்றியில் விபூதிக் கீற்று. கல்லாவுக்கு மேல் முருகன் படம். ஆனால் பதில் கிரியோலில் வருகிறது: "மோ பா கோஸ் தமுல்." எனக்குத் தமிழ் பேச வராது.

பிறகு மனிதர் என்ன நினைத்தாரோ, மீதிச் சில்லறைக்காக எடுத்த நூறு ரூபாய் நோட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, அதில் அச்சாகியிருந்த தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டினார். படி என்று அர்த்தம். இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண், படிக்காமல் என்ன?

அவரால் படிக்க முடியவில்லை. பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலம், இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் எழுத்து கோயில் சுவரிலும் சினிமா போஸ்டரிலும் பார்த்ததோடு சரி. பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத ஒருவரும், பேசத் தெரியாமல் நோட்டில் இருப்பது தன் மொழி என்று மட்டும் தெரிந்த ஒருவரும் கீரைக் கட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

பெங்களூரில் ஓட்டல் நிர்வாகம் படிக்கும் பிள்ளைகள் கடைசி வருடத்தில் ஆறு மாதம் எங்காவது பயிற்சி எடுத்தாக வேண்டும். பலர் உள்ளூர் ஐந்து நட்சத்திர ஓட்டலிலேயே முடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் துணிச்சலும், பெற்றோரிடம் கொஞ்சம் சேமிப்பும் உள்ளவர்களுக்கு மொரீஷியஸ், துபாய், மலேசியா. இந்தப் பெண் தேர்ந்தெடுத்தது மொரீஷியஸ். "ஆப்பிரிக்காவா?" என்று பாட்டி பதறினாராம். ஆப்பிரிக்காதான். ஆப்பிரிக்க ஒன்றியத்தில் உறுப்பு நாடு. ஆனால் கண்டத்தின் கரையிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, மடகாஸ்கருக்கும் கிழக்கே, இந்துமாக்கடலில் கிடக்கும் எரிமலைத் தீவு. முக்கியத் தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டங்கள் பல அதைவிடப் பெரியவை.

மும்பை வழியாக விமானம். இறங்கினால் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். வெளியே வந்ததும் கண்ணில் படுவது கடல் அல்ல, கரும்பு. சாலையின் இருபுறமும் கரும்பு. நடுநடுவே கோபுரம்போல் அடுக்கிய கருங்கல் குவியல்கள். எரிமலை கக்கிய கற்கள் அவை. ஒவ்வொன்றையும் யாரோ குனிந்து, பெயர்த்து, சுமந்து, அடுக்கியிருக்கிறார்கள். அப்போதுதான் கரும்பு நட நிலம் கிடைத்தது. அந்த யாரோக்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களும் ஏராளம். சுற்றுலா விளம்பரப் புகைப்படங்களில் இந்தக் குவியல்களை அதிகம் பார்க்க முடியாது.

பயிற்சி என்பது பெயர்தான், வேலை வேலைதான். கடலோர ரிசார்ட் சமையலறையில் காலை ஷிஃப்டில் முட்டை, மாலை ஷிஃப்டில் புஃபே மேஜை, நடுவில் மூன்று மணி நேரம் தூக்கம். வெங்காயம் நறுக்கியே முதல் மாதம் போயிற்று. கையில் கிடைக்கும் உதவித்தொகை பஸ்ஸுக்கும் போனுக்கும் போக மிஞ்சாது. மொரீஷியஸ் ரூபாய் ஒன்று நம் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்பதால் எதை வாங்கினாலும் மனம் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும். விருந்தினர்களிடம் பிரெஞ்சு, மேலாளரிடம் ஆங்கிலம், அடுப்படியில் கிரியோல். "கி மான்யேர்?" என்று கேட்டால் "மோ ப்யேன்" என்று சொல்ல இரண்டாம் நாளே பழகிவிட்டது.

சமையலறையின் மூத்த சமையல்காரரை எல்லோரும் "தொந்தொன்" என்று அழைத்தார்கள். மாமா என்று பொருள். இவரும் அப்படியே கூப்பிட்டார். தொந்தொன் தமிழர். அதாவது, அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'தமிழ்' என்பது ஒரு மதத்தின் பெயர்; அந்தக் கட்டத்தில் குறி போடுகிறவர். மொழி வராது. ஆனால் ரசத்தை "ரசோன்" என்பார். கோயிலைக் "கோவில்" என்றேதான் சொல்வார். ஊர்ப் பலகைகளிலும் அப்படித்தான். விசேஷ நாளில் வாழை இலையில் ஏழு வகைக் கறி பரிமாறும் தமிழ் விருந்து அங்கே மதம், இனம் பார்க்காமல் எல்லோருக்கும் பிடித்த சாப்பாடு. "செத் கறி" என்பது அதன் பெயர். 'செத்' என்றால் பிரெஞ்சில் ஏழு. இதை முதல் தடவை காதில் வாங்கிய பெண் ஒரு நிமிடம் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம்.

மொழி போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தமிழர்கள் இந்தத் தீவுக்கு இரண்டு அலையாக வந்தவர்கள். 1735ல் பிரெஞ்சு ஆளுநராக வந்த மாஹே த லபூர்தொனே, துறைமுகம் கட்ட பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். போர்ட் லூயிஸில் அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். 1810ல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1835 பிப்ரவரி 1ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1834 நவம்பர் 2ல், அட்லஸ் என்ற கப்பல் 36 இந்தியக் கூலிகளை இறக்கியிருந்தது. 1900களின் தொடக்கம்வரை வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்தவர்கள். தமிழர்கள் சிறுபான்மை. குமாஸ்தா காதில் விழுந்தபடி பெயர் பதிவேட்டில் ஏறியது. அப்பாவின் பெயர் பரம்பரைக் குடும்பப் பெயராயிற்று.

விடுமுறை நாள் ஒன்றில் போர்ட் லூயிஸ் போனார். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய 16 கல்படிகள் துறைமுக ஓரத்தில் இன்னும் இருக்கின்றன. ஒரு காலத்தில் கூலி படித்துறை. இப்போது ஆப்ரவாசி காட். 2006ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தென்மேற்கு மூலையில் உள்ள ல மோர்ன் மலை 2008ல் சேர்ந்தது. தப்பியோடிய ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகள் ஒளிந்திருந்த மலை அது. விடுதலைச் செய்தி சொல்லத்தான் சிப்பாய்கள் ஏறி வந்தார்கள். பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து அடிமைகள் பாறையிலிருந்து குதித்துவிட்டார்கள் என்பது தீவில் வழங்கும் கதை. கீழே கடற்கரையில் இந்தியாவிலிருந்து வந்த தேனிலவு ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜோடி இவரிடமே கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னது.

மற்றபடி வழக்கமான ஊர்சுற்றல்தான். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோ பறவையின் எலும்புக்கூடு. பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டத்தில் தாம்பாளம்போல் மிதக்கும் ராட்சத அல்லி இலைகள். லால்பாக்கைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குத் தோட்டம் பிரமிப்பாக இல்லை. திப்பு சுல்தான் காலத்தில் மொரீஷியஸிலிருந்தும் லால்பாக்குக்குச் செடிகள் வந்தன என்று பெங்களூரில் சொல்வார்கள். அந்தத் திப்புவுக்கு இந்தத் தீவால் நேர்ந்ததுதான் பரிதாபம். 1798 ஜனவரியில் அவருடைய இரு தூதர்கள், பிரிட்டிஷாருக்கு எதிராகப் படை உதவி கேட்டு போர்ட் லூயிஸில் இறங்கினார்கள். பிரெஞ்சு ஆளுநர் மலார்த்திக், ரகசியமாக இருக்க வேண்டிய விஷயத்தை ஜனவரி 30ல் பகிரங்க அறிவிப்பாக வெளியிட்டு, திப்புவுக்காகப் போரிடத் தொண்டர்கள் தேவை என்று அழைத்தார். கிடைத்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஏப்ரலில் அவர்கள் மங்களூரில் இறங்கினார்கள். அறிவிப்போ கல்கத்தாவுக்கே போய்ச் சேர்ந்தது. போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த வெல்லெஸ்லிக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த வருடம் மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. பெங்களூரில் கண்டோன்மென்ட் எழுந்ததும், அதைச் சுற்றி அல்சூரில் தமிழர்கள் பெருகியதும் அதற்குப் பின் நடந்தவை. கன்டோன்மென்டுக்காக வந்த ஒரு குடும்பத்தின் வாரிசு போர்ட் லூயிஸில் பஸ்ஸுக்கு நின்றபோது இதெல்லாம் தெரியாது. பின்னால் அப்பா சொல்லித் தெரிந்தது.

அப்பாவுக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. தமிழ் வழியில் படித்தவர். ரூபாய் நோட்டு விவகாரத்தை மகள் போனில் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "எழுத்து கத்துக்கோன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நோட்டுக்கே ஒரு கதை இருக்கிறது. மொரீஷியஸ் நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று எழுத்திலும் தொகை இருக்கும். தமிழ் எண்களும் உண்டு. நூறு ரூபாயில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழக்கறிஞர், அரசியல்வாதி. 1998ல் மத்திய வங்கி வெளியிட்ட புதிய நோட்டுகளில் இந்தி மேலேயும் தமிழ் கீழேயும் இடம் மாறியிருந்தன. தமிழ் மக்கள் கொதித்தெழுந்தார்கள். தமிழ் பேசத் தெரியாதவர்களே பெரும்பாலும் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999ல் பழைய வரிசையிலேயே புதிதாக அச்சிடப்பட்டன. படிக்கத் தெரியாத எழுத்துக்காக இத்தனை சண்டையா என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு. அல்சூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். 1991ல் அல்சூர் ஏரி அருகே நிறுத்திய திருவள்ளுவர் சிலை 18 வருடம் துணி போர்த்தி நின்றது. அந்த டிசம்பரில்தான் காவிரி நடுவர் மன்ற உத்தரவை ஒட்டி நகரம் எரிந்தது. தமிழர்கள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். 2009 ஆகஸ்ட் 9ல் சிலை திறக்கப்பட்டது. நாலே நாளில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. மூடிய சிலையைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போனவர்கள் அல்சூரில் ஒரு தலைமுறையே உண்டு.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. கோடை உச்சம், புயல் பருவம். தொந்தொன் பத்து நாள் விரதம் இருந்தார். அடுப்படியில் மீனும் மாட்டிறைச்சியும் வெந்துகொண்டிருக்க, அவர் ஓர் ஓரத்தில் காய் மட்டும் நறுக்கினார், மேலாளர் கண்டுகொள்ளவில்லை. குவாத்ர் போர்ன் ஊரை ஒட்டிய கோர் த கார்த் மலைக்கோயிலுக்கு அவர் காவடி எடுத்தார். ரோஜா நிறத்துக்கும் ஊதாவுக்கும் நடுவான ஒரு நிறத்தில் தெரு முழுக்க வேட்டியும் சேலையும். நாக்கில் வேல், தோளில் பூக்காவடி, செம்பில் பால். கொளுத்தும் தார் ரோட்டில் வெறுங்கால். மலையேறும்வரை பால் திரியக் கூடாது என்பது நம்பிக்கை. பாட்டுப் புத்தகம் ரோமன் எழுத்தில். கூட்டம் பாடியது, வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது மரியாதையல்ல. அர்த்தம் புரிந்த பெங்களூர்ப் பெண்ணுக்கு ஒரு பாட்டுகூட மனப்பாடம் இல்லை. வாயை மட்டும் அசைத்தார்.

மறுநாள் விருந்து முடிந்த பிறகு தொந்தொன் வீட்டு அலமாரியிலிருந்து துணியில் சுற்றிய நோட்டுப் புத்தகம் ஒன்று வெளியே வந்தது. அவருடைய தாத்தா எழுதியது. தாத்தா கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர். வீட்டில் யாருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. முருகன் பாட்டு என்பது தொந்தொனின் நினைப்பு. அவருடைய அக்கா ஏதோ மருந்துக் குறிப்பு என்றார். ஒவ்வொரு வருடமும் பூஜையில் வைத்துக் கும்பிட்டு எடுத்து வைக்கிறார்கள். "நீ படி" என்று கொடுத்தார்கள்.

சந்தையில் தலைகுனிந்தது வேறு, இது வேறு. பெண் உண்மையைச் சொன்னார். தொந்தொனுக்கு நம்ப முடியவில்லை. "இந்தியாவில் இருந்துகொண்டா?" என்றார். பிறகு முதல் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அல்சூருக்கு அனுப்பினார்கள். அங்கே இரவு மணி பதினொன்று. அரை மணியில் பதில் வந்தது, அப்பாவின் குரலில்.

அது மொய்க் கணக்கு. கல்யாணம் ஒன்றுக்கு யார் யார் எவ்வளவு வைத்தார்கள் என்ற பட்டியல். பெயர், ஊர், தொகை. ஒருவர் அரிசி கொடுத்திருக்கிறார். ஒருவர் பெயருக்கு நேரே தொகை இல்லை, 'பிறகு' என்று எழுதியிருக்கிறது. அப்பா ஒவ்வொரு பெயராகப் படிக்க, தொந்தொனின் அக்கா அந்தப் பெயர்களை அடையாளம் கண்டுகொண்டார். இவர் பெரியம்மா வீட்டுக்காரர், இவர் ஆலையில் இருந்தவர், இவர் மகன் இப்போது பிரான்சில். 'பிறகு' ஆசாமியின் பேரன் இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறார். வீடே சிரித்தது. தொந்தொன் மட்டும் புத்தகத்தை வாங்கி, பாட்டு இல்லை என்ற ஏமாற்றம் தெரியாதபடி, மறுபடி துணியில் சுற்றினார்.

ஏப்ரலில் பயிற்சி முடிந்தது. சான்றிதழ், ஒரு பாட்டில் வனிலா, கரும்புச் சர்க்கரை, பழுப்பேறிய கை. அல்சூர் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. போனில் தொந்தொனிடமிருந்து படங்கள் வந்திருந்தன. மீதிப் பக்கங்கள், மொத்தம் பதினேழு. அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடப் போனார். அவர் வருவதற்குள் பெண் முதல் படத்தைப் பெரிதாக்கி, கூகுளில் அரிச்சுவடியைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் எழுத்து 'சு'வா 'க'வா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.