கணவர் பெயர் என்ற கட்டம்

பாம்பனில் கருவாடு காயவைத்து விற்கும் ஏழு பெண்களுக்கு ஆறு வருடமாக நான்தான் கணக்குப்பிள்ளை. ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன், கவிதை எழுதுகிறேன். கணக்குக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆகாது. ஆனாலும் ‘டீச்சர் எழுதிருவாக’ என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போவேன். நெத்திலி யாருக்கு, சீலா யாருக்கு, திருக்கை யாருக்கு, யார் காசு கொடுத்தது, யார் பாக்கி என்று அவர்கள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவேன்.

வாங்குகிறவர்களும் அநேகமாகப் பெண்கள்தான். ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ரயில் பாதையை ஒட்டியே இருநூறு வீடுகள். குழுவில் மூத்தவரான அக்கா நோட்டைத் தொட மாட்டார். அவருக்கு எல்லாம் தலையில் இருந்தது. இன்னார் வீட்டில் புரட்டாசியில் வாங்க மாட்டார்கள். இன்னார் மகள் மாசமாக இருக்கிறாள், வாடை ஆகாது. இன்னார் வாங்குவது மாமியாருக்குத் தெரியக்கூடாது. இதையெல்லாம் நான் எழுதியதில்லை. அதுவும் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பச்சை மீன் விலை ஏறும், கருவாட்டுக்குக் கேட்பு கூடும். ஒரு தடைக்காலத்தில் என் நோட்டு தோற்றுப்போனது. ஒரே வீட்டுக்கு இரண்டு பார்சல் போனது. இன்னொரு வீட்டுக்குப் போகவே இல்லை. அப்போது பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள், “நான் ஒரு மைக்ரோசர்வீஸ் எழுதித் தரேன் அத்தை” என்றாள்.

இருநூறு பேருக்கு ஒரு எக்ஸெல் தாளே போதும் என்று அவளே சொன்னாள். பிறகு ஏன் என்று கேட்டேன். “ஆபீஸ்ல எனக்கு டெஸ்டிங்தான் தராங்க. யாரோ கட்டினதுல எங்க ஓட்டைன்னு பாக்கறது. கட்ட விடறதில்ல. ஒண்ணையாவது முதல்லேருந்து நானே கட்டணும்.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மைக்ரோசர்வீஸ் என்றால் ஒரே ஒரு வேலையைப் பார்க்கும் சின்ன மென்பொருள். எங்களுடையது வாடிக்கையாளர் விவரத்தை மட்டும் வைத்திருக்கும். பில் போடாது, செய்தி அனுப்பாது. பில் போடும் மென்பொருள் வந்து ‘37-ஆம் எண் யார்’ என்று கேட்டால் பதில் சொல்லும். அதற்கு நான்கு செயல்கள் வேண்டும்: சேர்ப்பது, தேடித் தருவது, திருத்துவது, நீக்குவது. முதல் மூன்றை எழுதினோம். நீக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம்.

அவள் தேர்ந்தெடுத்தது ஸ்காலா என்ற மொழி. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் மார்ட்டின் ஒடெர்ஸ்கி 2001-இல் வடிவமைக்கத் தொடங்கி, 2004-இல் பொதுவெளிக்கு வந்த மொழி. ஜாவா ஓடும் இயந்திரத்திலேயே ஓடும். தேவைக்கேற்ப வளரக்கூடியது என்ற பொருளில் அந்தப் பெயர். இத்தாலியில் அந்தச் சொல்லுக்கு மாடிப்படி என்று அர்த்தம். மாலையில் மொட்டைமாடியில் அவள் தட்டெழுத, நான் பக்கத்தில் இருப்பேன். ‘வாடிக்கையாளர்’ என்று ஒரு கேஸ் கிளாஸ் எழுதினாள். ஒரு பதிவில் என்னென்ன இருக்கும் என்று சொல்லும் வார்ப்பு அது. ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் முக்காற்புள்ளி வைத்து, அதில் வருவது எண்ணா எழுத்தா என்று வகை எழுத வேண்டும்.

“கட்டங்களைச் சொல்லு அத்தை” என்றாள். நான் யோசிக்காமல் சொன்னேன்: பெயர். கணவர் அல்லது தந்தை பெயர். முகவரி. கைப்பேசி எண்.

அந்த இரண்டாவது கட்டத்தைச் சொன்னது நான்தான். என் மணமுறிவுக்குப் பிறகு ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது, கணவர் பெயர் போடாவிட்டால் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்று அங்கிருந்தவர் வருத்தத்தோடு சொன்னார். அப்பா பெயரைப் போட்டால், திருமணமானவர் என்ற பழைய அடையாள அட்டையோடு பொருந்தவில்லை. கடைசியில் அவர் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. இன்றும் அந்த வங்கியில் என் கணவர் பெயர் ஒரு புள்ளி. இதைக் கூட்டங்களில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதே நான், எங்கள் பெண்களுக்காக நாங்களே எழுதும் பதிவேட்டில் அதே கட்டத்தைச் சொல்லியிருக்கிறேன். பார்த்த படிவமெல்லாம் அப்படி இருந்ததால் கை பழகிப்போயிருந்தது.

அந்தக் கட்டத்துக்காக நீதிமன்றம் வரை போன பெண்கள் இருக்கிறார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தன் மைனர் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்து, காப்பாளர் என்று தானே கையெழுத்திட்டார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டம், காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்று சொல்லியிருந்தது. 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் ‘பிறகு’ என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னது. தந்தை இறந்த பிறகு என்று மட்டும் அதைக் கொள்ள வேண்டியதில்லை, அவர் இல்லாத நிலையில் என்றும் கொள்ளலாம் என்றது. பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்பது 2016 டிசம்பரில்தான் வந்தது. தாய் மட்டும் வளர்த்த பிள்ளை தந்தை பெயரில்லாமல் பான் அட்டை வாங்கலாம் என்பது 2018 டிசம்பரில்.

சர்வரில் ஏற்றிய நாள் எங்களுக்குத் திருவிழா. எஸ்பிடி என்ற கருவி எல்லாவற்றையும் ஒரே ஜார் கோப்பாகக் கட்டியது. அதை டாக்கர் பெட்டிக்குள் வைத்து, மாத வாடகைக்கு எடுத்த சின்ன சர்வரில் ஓடவிட்டாள். ஒரு ஜிபி நினைவகத்தை அது விழுங்கிவிட்டு இரண்டு முறை விழுந்தது. உச்சவரம்பு வைத்து மூன்றாம் முறை ஏற்றினாள். நின்றது. என் போனில் 37 என்று தட்டினேன். பெயரும் ஊரும் வந்தன. அக்காவிடம் காட்டினேன். “இம்புட்டுத்தானா” என்றார்.

அடுத்த மாதம் பில் மென்பொருளில், பாக்கி உள்ளவர்களுக்கு மாலை ஏழு மணிக்குக் குறுஞ்செய்தி போகும்படி செய்தோம். அது எங்கள் சேவையிடம் எண்ணைக் கேட்டது, சேவை கொடுத்தது. மூன்றாம் நாள் கல்லூரி வாசலில் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தார். ராமநாதபுரத்து வாடிக்கையாளர். மாதாமாதம் கடனுக்குக் கருவாடு வாங்கி, சின்னப் பொட்டலமாகப் பிரித்து அக்கம்பக்கத்தில் விற்று, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தெரியாது. ‘உங்கள் பாக்கி ரூ. 2,340’ என்ற செய்தி கணவர் கையிலிருந்த போனில் விழுந்தது. இனி அவர் தெருப்பக்கம் போய் விற்கக்கூடாது, போனும் கிடையாது. இடது கையைச் சேலைக்குள்ளேயே வைத்திருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

“நம்பர் கேட்டீங்க, குடுத்தேன். அது யாரு போன்னு நீங்க கேக்கலையே டீச்சர்.”

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். “அந்த வீட்டுக்குப் போன் போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டத்தான் சொல்லி விடுவேன்.” ஏன் சொல்லவில்லை அக்கா என்றேன். “பேரு, ஊரு, நம்பருதானே கேட்டீக?”

எங்கள் சேவை எந்தப் பிழையும் செய்யவில்லை. கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னது. பிழை அதன் கட்டங்களில் இருந்தது. தேவையில்லாத கணவர் பெயரைக் கட்டாயமாகக் கேட்டோம். தேவையான ஒன்றை, இந்தப் போன் யார் கையில் இருக்கும் என்பதை, கேட்கவில்லை.

அன்றிரவு அண்ணன் மகள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேஸ் கிளாஸைத் திறந்தாள். கணவர் பெயர்க் கட்டத்தை அழித்தாள். கைப்பேசி எண்ணின் வகையை ‘ஆப்ஷன்’ என்று மாற்றினாள். ஸ்காலாவில் ஆப்ஷன் என்றால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் ‘சம்’, இல்லாவிட்டால் ‘நன்’. அந்த ஒரு சொல்லை மாற்றியதும் திரையில் பதினொரு இடத்தில் சிவப்பு. எண் கண்டிப்பாக உண்டு என்று நாங்கள் நம்பி எழுதிய இடங்கள் அத்தனையும் அவை. இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் பதில் எழுதும்வரை கம்பைலர் விடவில்லை.

பழைய மொழிகளில் இல்லாத இடத்தில் ‘நல்’ என்ற ஒன்றை வைப்பார்களாம். வெளியிலிருந்து பார்த்தால் இருப்பது போலவே தெரியும். தொட்டதும் நிரல் விழும். 1965-இல் அதைக் கொண்டுவந்த டோனி ஹோர், எளிதாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும் அது நூறு கோடி டாலர் தவறு என்றும் 2009-இல் தானே ஒப்புக்கொண்டார். வங்கியில் எனக்கு வைத்த புள்ளி அந்த வகை. ‘நன்’ அப்படி ஒளிவதில்லை. இங்கே ஒன்றும் இல்லை, இல்லாததே இந்தப் பதிவின் முழுமை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தமிழில் எழுதினால் அந்தச் சொல் நல்லது என்றும் படுகிறது. எழுதியவர் பெயர் தெரியாத பாட்டைச் சங்கத் தொகுப்பாளர்களும் தூக்கி எறியவில்லை. பாட்டின் உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று குறுந்தொகையில் வைத்தார்கள்.

புதிதாக இரண்டு கட்டம் சேர்த்தோம்: இந்த எண்ணை வேறு யார் பார்ப்பார்கள், செய்தி அனுப்பலாமா. இரண்டாவதற்கு, கேட்டு ஒப்புதல் பெறாதவரை ‘கூடாது’ என்பதே தொடக்க மதிப்பு. இருநூறு பேரிடமும் அக்காவும் மற்றவர்களும் நேரில் கேட்டு வந்தார்கள். தன் பெயரிலேயே எண் இருந்தும், செய்தி வேண்டாம் என்றவர்கள் பாதிக்கு மேல்.

அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. காதல் எல்லோருக்கும் பொது, அதனால் பெயர் வேண்டாம் என்று இருபது வருடமாக வகுப்பில் விளக்கியிருக்கிறேன். இப்போது அதோடு இன்னொன்றும் சொல்கிறேன். ஊர் வாயில் பெயர் விழுந்தால் அலர் எழும். அலர் எழுந்தால் இற்செறிப்பு. தலைவி வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. நாங்கள் ஏழு மணிக்கு அனுப்பிய செய்தி செய்தது அதைத்தான். கருவாட்டுப் பாக்கியும் அகம்தான் என்று முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் கடைசியாக என்னிடம் கேட்டது, தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் அந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆணோ பெண்ணோ எவரானாலும் ‘அவள்’ என்றே அந்தச் சட்டத்தின் ஆங்கில வாசகம் குறிப்பிடுகிறது. ஆனால் எங்களிடம் அழிக்கும் வழியே இல்லை. அந்த நான்காவது செயலைத் தள்ளிவைத்திருந்தோம். அண்ணன் மகள் அதை அன்றே எழுதினாள். பதிவு போனது. பதினான்கு நாள் காப்பு நகல்களிலும் தேடித் தேடி அழித்தாள். பழைய நோட்டில் அவர் பெயர் இருந்த பக்கங்களை நான் கிழித்தேன்.

“மெஷின்ல அழிச்சாச்சு, நோட்டுல கிழிச்சாச்சு. என் தலையில இருக்கறத எப்படி அழிப்பீக?” என்று அக்கா சிரித்தார்.

போன மாதம் பாம்பனுக்குப் போனபோது, அந்தப் பெண் மறுபடி வாங்குகிறாரா என்று அக்காவிடம் கேட்டேன். திருக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“அது எதுக்கு டீச்சர் உங்களுக்கு?” என்றார்.