பூந்தமல்லி ரோட்டு சிஸ்டர்களும் ஒரு பதினாறு வயசுப் பெண்ணும்

காலை ஏழு ஏழரை மணிக்கு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்றால் அவர்களைப் பார்க்கலாம். வெள்ளை கோட்டு, இறுக்கிப் போட்ட கொண்டை, மார்போடு அணைத்த ரெக்கார்டு நோட்டு. போரூர் ராமச்சந்திரா பக்கம் போகிறவர்கள் ஒரு கூட்டம், தண்டலம் சவீதா பக்கம் போகிறவர்கள் ஒரு கூட்டம். நெற்றியில் திருவேற்காடு கருமாரியம்மன் குங்குமம் ஒருத்திக்கு, கழுத்தில் வேளாங்கண்ணி மாதா டாலர் இன்னொருத்திக்கு, மூன்றாமவள் தலையில் முக்காடு. வார்டுக்குள் நுழைந்துவிட்டால் மூன்று பேருக்கும் ஒரே பெயர்தான். சிஸ்டர்!

கிறிஸ்தவ மடத்துப் பெண்களுக்கு இருந்த பெயர் அது. இப்போது யாரும் அதை மத வார்த்தையாக நினைப்பதில்லை. ஆனாலும் இந்தப் படிப்பில் கடவுள் அங்கங்கே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார். முதல் வருஷம் விளக்கேற்றும் விழா நடக்கும். கையில் விளக்கோடு வரிசையாக நின்று எல்லோரும் நைட்டிங்கேல் உறுதிமொழி சொல்வார்கள். கடவுளைச் சாட்சியாக வைத்துத்தான் அது ஆரம்பிக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த உறுதிமொழியை எழுதியது நைட்டிங்கேல் இல்லை. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில், ஹார்ப்பர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த நர்சிங் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரும் ஒரு குழுவும் சேர்ந்து எழுதியது. டாக்டர்களின் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியைப் பார்த்துச் செய்த நகல், பெயர் மட்டும் நைட்டிங்கேலுடையது. அந்த அம்மாவின் நிஜமான பக்தி இதைவிட ரொம்பக் கரடுமுரடானது. நர்சிங் படிக்கிறவர்கள் முதல் வருஷம் ஐந்து மார்க்குக்கு அவரைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். விளக்கேந்திய மங்கை, முடிந்தது கதை. அது அநியாயம்.

1837 பிப்ரவரி 7. புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கு அப்போது வயது 16. பெரிய பணக்கார வீடு. அப்பாவே உட்கார்ந்து கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குக் கடவுள் தன்னைக் கூப்பிட்டார் என்று அந்தப் பெண் குறித்துவைத்தாள். எதற்குக் கூப்பிட்டார்? அதுதான் தெரியவில்லை. அது ஆஸ்பத்திரி வேலைதான் என்று தெளிய ஏழெட்டு வருஷம் ஆனது. (நம்மில் பல பேருக்கு நாலு வருஷம் முடிந்தும் தெளிவதில்லை, அது வேறு விஷயம்.)

1845-ல் சாலிஸ்பரி ஆஸ்பத்திரியில் போய்ப் பழகுகிறேன் என்று வீட்டில் கேட்டார். வீடே கொதித்தது. அந்தக் கால இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்றால் குடிகாரி, நடத்தை சரியில்லாதவள் என்ற பேச்சு. நம் ஊரிலும் கதை பெரிதாக மாறவில்லை. நைட் டியூட்டியா, ஆம்பளைங்களைத் தொட்டுத் துடைக்கணுமா, நாளைக்கு யார் கட்டிக்குவாங்க என்ற கேள்விகளைத் தாண்டித்தான் ஆவடியிலும் அம்பத்தூரிலும் அப்ளிகேஷன் பாரம் நிரப்பப்படுகிறது. நம் சென்னையிலேயே அரசு பொது மருத்துவமனையில் 1871-ல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆனால் ரொம்ப காலம் அந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்களும் கிறிஸ்தவப் பெண்களும்தான். தீட்டு என்ற ஒரு சொல் மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்தது.

நைட்டிங்கேல் வீட்டை எதிர்த்துச் சத்தம் போடவில்லை. விடியுமுன் எழுந்து ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். வந்த நல்ல வரனையும் வேண்டாம் என்றார். கடைசியில் 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் பாதிரியார் ஃபிளைட்னர் நடத்திய நிலையத்தில் மூன்று மாதம் இருந்து பழக அனுமதி கிடைத்தது. அப்போது வயது 31. பதினாறில் வந்த அழைப்புக்குப் பதினாலு வருஷம் கழித்து அட்மிஷன்!

இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. கைசர்ஸ்வெர்த் முழுக்க பக்திமயம். ஜெபம், எளிமை, தொண்டு. பல வருஷம் கழித்து அந்த இடத்தைப் பற்றி அவரே குறிப்பு எழுதினார். நர்சிங் என்று அங்கே எதுவும் இல்லை, சுகாதாரம் படுமோசம். ஆனால் அவ்வளவு தூய அர்ப்பணிப்பைத் தான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இரண்டையும் ஒரே குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பக்தி நூறு மார்க், பாடம் முட்டை. அப்படியும் இருக்க முடியும் என்பது வார்டில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். நோயாளிக்காக மனசார வேண்டிக்கொண்டே கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட முடியும்.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இதே மாதிரி ஒரு கதை கோயிலிலேயே இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் சன்னதி கொண்டிருக்கிறாரே திருக்கச்சி நம்பி, ராமானுஜர் காலத்தவர், இந்த ஊரில் பிறந்தவர். காஞ்சி வரதருக்கு விசிறி வீசுவதே அவர் கைங்கர்யம். பெருமாள் அவரோடு நேரில் பேசுவார் என்பது ஐதீகம். ஒருநாள் எனக்கு மோட்சம் உண்டா என்று கேட்டாராம். நீ விசிறினாய், பதிலுக்கு நான் பேசினேன், கணக்கு நேராகிவிட்டது, மோட்சம் வேண்டுமானால் ஒரு ஆசாரியரிடம் போய்ச் சேர் என்ற பொருளில் பெருமாள் பதில் சொன்னாராம். இத்தனை நாள் கை வலிக்க வீசியவருக்கு! நர்சிங் ஃபவுண்டேஷன் புத்தகத்தில் இந்தக் கதையைச் சேர்த்தால் என்ன என்று தோன்றும் :-)

நைட்டிங்கேலுக்கு இந்தப் பாடம் இன்னும் கொடூரமாகக் கிடைத்தது. 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். ராத்திரி விளக்கோடு நடந்தது, கடிதம் எழுதிக்கொடுத்தது எல்லாம் நிஜம். அந்தக் குளிர்காலத்தில் சிப்பாய்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததும் நிஜம். 1855 பிப்ரவரியில் சாவு விகிதம் நூற்றுக்கு 42-ஐத் தொட்டது. காயத்தால் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொன்றவர்கள் பல மடங்கு. மார்ச்சில் சுகாதாரக் குழு ஒன்று லண்டனிலிருந்து வந்து கட்டிடத்துக்கு அடியில் ஓடிய சாக்கடையைச் சுத்தம் செய்தது, காற்றோட்டத்தைச் சரிபண்ணியது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூனில் சாவு நூற்றுக்கு இரண்டு சொச்சம்.

அங்கே இருந்தபோது அவருக்கே முழுக் காரணம் பிடிபடவில்லை. சாப்பாடு போதவில்லை, ரொம்பக் களைத்துப்போய் வருகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார். ஊர் திரும்பிய பிறகு புள்ளியியலாளர் வில்லியம் ஃபார்ருடன் உட்கார்ந்து எண்ணிக்கைகளை அடுக்கியபோதுதான் உண்மை முகத்தில் அறைந்தது. தன் கண்ணெதிரே, தன் பராமரிப்பில், தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் ஆயிரக்கணக்கில் போய்விட்டார்கள். 1857 ஆகஸ்டில் உடம்பு விழுந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் பெரும்பாலும் படுக்கையறைதான். வியாதியும் இருந்தது, குற்ற உணர்ச்சியும் இருந்தது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

முதல் முறை தன் கையில் ஒரு நோயாளி இறந்துபோன அன்றைக்கு ஹாஸ்டலில் சாப்பிடாமல் படுத்துவிடும் மாணவிகள் உண்டு. சாமி படத்தைத் திருப்பி வைத்தவர்களும் உண்டு. அந்த இரவில் விளக்கேந்திய மங்கை படம் ஒன்றுக்கும் உதவாது. தோற்றுப்போய்ப் படுக்கையில் கிடந்த இந்த நைட்டிங்கேல் ஒருவேளை உதவலாம்.

ஏனென்றால் அவர் கடவுளை விடவில்லை, கடவுளைப் பற்றிய கணக்கை மாற்றிக்கொண்டார். கடவுள் விதிகளின்படி உலகை நடத்துகிறார், அந்த விதியைக் கண்டுபிடிக்கப் புள்ளிவிவரம்தான் வழி என்று நம்பினார். ஊர்ச் சாக்கடை மொத்தத்தையும் தேம்ஸ் ஆற்றில் விட்டுவிட்டு, கொள்ளைநோயிலிருந்து காப்பாற்று என்று ஜெபிப்பதில் என்ன அர்த்தம் என்ற ரீதியில் கேட்டிருக்கிறார். (கூவத்தைத் தாண்டிக் காலேஜ் போகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) 1858-ல் சாவுக் காரணங்களை வட்டத் துண்டுகளாகப் போட்டுக் காட்டிய அவருடைய வரைபடம் வந்தது. அதே வருஷம் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

1860 ஜூலையில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரில் பள்ளி தொடங்கியது. மடத்தில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. மாணவிகளுக்கு மாதாமாதம் மதிப்பீடு, நேரந்தவறாமை முதல் கட்டுப் போடுவது வரை. இன்றைக்கு கேர் பிளான், கேஸ் ஸ்டடி என்று கை ஒடிய எழுதுகிறார்களே, அதன் பாட்டி அங்கே இருக்கிறாள்.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்கிருந்த படை முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்ப ஏற்பாடு செய்தார். குடிநீர் எது, கழிவு எங்கே போகிறது, எத்தனை பேர் செத்தார்கள் என்ற மாதிரிக் கேள்விகள். அறிக்கை 1863-ல் வந்தது. பூந்தமல்லி அந்தக் காலத்தில் ஆங்கிலேயப் படைகளுக்கு ஒரு டிப்போ. சிப்பாய்கள் நடந்த அதே ரோட்டில்தான் இப்போது ரெக்கார்டு நோட்டோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். 2021-லிருந்து செமஸ்டர் முறை வேறு. சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் பார்த்தால் கொண்டை அவிழ்ந்திருக்கும், குங்குமம் வேர்வையில் கரைந்திருக்கும். கம்பியைப் பிடித்தபடி ஒருத்தி எலும்புகளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஸ்லோகம் மாதிரி இருக்கும். நாளைக்கு அனாடமி இன்டர்னல்.