சுவிஸ் மலைக்கு குடும்பத்தோடு கிளம்புறீங்களா? டிக்கெட் எடுக்கும் முன் வானத்தைப் பாருங்க!

"வாழ்க்கையில ஒரு தடவையாவது சுவிட்சர்லாந்து போயிடணும்" என்று சொல்லாத வீடு குறைவு. சினிமா பாடல்களில் பார்த்துப் பார்த்தே அந்தப் பச்சைப் புல்வெளியும் பனிமலையும் நமக்குப் பழகிவிட்டன. பல வருட சேமிப்பை எடுத்து, அப்பா அம்மா, பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பங்களுக்கு அங்கே எந்த ஏஜென்டாலும் உத்தரவாதம் தர முடியாத விஷயம் ஒன்று உண்டு. அது வானிலை. மேகம் மூடிவிட்டால், ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏறிய உச்சியில் வெள்ளைச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அதனால் சுவிஸ் பயணத் திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எத்தனை ஊர் என்பதல்ல. மலைக்காக எத்தனை நாளை ஒதுக்கி வைக்க முடியும் என்பதுதான்.

ஒரே ஊரில் தங்குங்கள்

பத்து நாளில் ஆறு நாடு என்று ஓடும் பேக்கேஜ்களில் ஆல்ப்ஸ் மலைக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அன்று மழை பெய்தால் அவ்வளவுதான். நீங்களே திட்டமிடுகிறீர்கள் என்றால், பெர்ன் மாநிலத்தின் மலைப்பகுதியான பெர்னீஸ் ஓபர்லாந்தில் ஐந்து இரவாவது ஒரே இடத்தில் தங்கப் பாருங்கள்.

தூன், பிரியன்ஸ் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் இன்டர்லாக்கன் இதற்கு வசதியான ஊர். சூரிக்கிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். இன்னும் மலைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் லாட்டர்புருனன், கிரிண்டெல்வால்ட், கார்களே ஓடாத வெங்கன், மூரன் கிராமங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ரயிலும் கேபிள் காரும் உண்டு. வாடகைக் கார் தேவையில்லை.

பாலிவுட் இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு இன்டர்லாக்கனில் 2016-ல் சிலையே வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு இந்தியர்கள் வந்து போகும் ஊர் என்பதால் இந்திய உணவகங்களும் கிடைக்கும்.

நம்ம லீவு, அவங்க இடைக்காலம்

பள்ளி விடுமுறை என்று ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் டிக்கெட் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பனிச்சறுக்கு சீசன் முடிந்து, கோடை சீசன் தொடங்காத நேரம் அது. பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைப்பார்கள். உயரமான நடைபாதைகளில் பனி கிடக்கும். 1893-லிருந்து ஓடும் ஷீனிக பிளாட்டெ மலை ரயிலும் கோடை சீசனில்தான் தொடங்கும்.

மே மாதத்தில் போகவே கூடாது என்றில்லை. பனி உருகும் காலம் என்பதால் அருவிகள் ஆர்ப்பரிக்கும். யுங்ஃப்ராவ்யோக் ரயில் ஆண்டு முழுக்க ஓடும். ஆனால், நீங்கள் ஆசைப்படும் கேபிள் கார் எந்தத் தேதியில் திறக்கிறது என்று அந்தந்த ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள். காலாண்டு விடுமுறையை ஒட்டி செப்டம்பர் கடைசியில் போக முடிந்தால் பெரும்பாலானவை திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் அளவுக்குக் கூட்டமும் இருக்காது.

ஊட்டியை வைத்து உயரத்தைக் கணக்குப் போடுங்கள்

எல்லோரும் போக நினைக்கும் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம். 1896-ல் தொடங்கி 16 வருடங்கள் ஐகர், மோன்ஷ் மலைகளுக்குள் சுரங்கம் குடைந்து, 1912-ல் ரயில் விட்டார்கள். மேலே ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ஷ் கண் முன்னே விரியும்.

நம் ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டாவுக்கு மேலே இன்னும் 800 மீட்டர் போகிறோம் என்றால் புரியும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும், சிலருக்குத் தலை சுற்றும். இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் டாக்டரிடம் கேட்காமல் கூட்டிப்போக வேண்டாம். கோடையிலும் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கலாம் என்பதால் ஸ்வெட்டர், ஷூ, கூலிங் கிளாஸ் கட்டாயம்.

தாத்தா பாட்டிக்கு அந்த உயரம் வேண்டாம் என்றால் அவர்களை ஹோட்டலில் உட்கார வைக்க வேண்டியதில்லை. ரயில் மாறும் இடமான க்ளைன ஷைடெக் 2,061 மீட்டர்தான், ஊட்டியைவிடக் குறைவு. கிரிண்டெல்வால்டிலிருந்தும் வெங்கனிலிருந்தும் கேபிள் காரில் போகும் மேன்லிஷன் ஏறக்குறைய ஊட்டி உயரம். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என மூன்று சிகரங்களையும் அங்கிருந்தே வரிசையாகப் பார்க்கலாம். கட்டணமும் உச்சிக்குப் போவதைவிட மிகவும் குறைவு. சிறுவர்கள் மேலே போய்விட்டு வரும்வரை பெரியவர்கள் க்ளைன ஷைடெக்கில் காபி குடித்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காலையில் கேமரா, பிறகு டிக்கெட்

இன்டர்லாக்கனிலிருந்து யுங்ஃப்ராவ்யோக் போய்வர, சலுகை இல்லாமல் கோடையில் ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு தேதியில் அதைப் பூட்டிவிடாதீர்கள். உச்சியில் வைத்திருக்கும் நேரடி கேமரா காட்சிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முந்தைய இரவு வானிலை அறிக்கை, காலையில் கேமரா, இரண்டும் சரி என்றால் டிக்கெட் எடுத்து முதல் ரயில்களிலேயே ஏறுங்கள். கூட்டம் அதிகமான மாதங்களில் இருக்கை முன்பதிவும் செய்துகொள்வது நல்லது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

மேகமூட்டமான நாளும் வீண் இல்லை. லாட்டர்புருனன் பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்பார்கள். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டௌப்பாக் அருவியை ஊருக்குள் நின்றே பார்க்கலாம். ட்ரூமல்பாக் அருவி மலைக்குள்ளேயே விழுகிறது. பனியாற்று நீர் பாறையைக் குடைந்து இறங்குவதை லிஃப்ட்டிலும் படிகளிலும் போய்ப் பார்க்கலாம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

பணம் மிச்சமாகும் இடங்கள்

ஹாஃப் ஃபேர் கார்டு ஒரு மாதம் செல்லும். யுங்ஃப்ராவ்யோக் உட்பட பெரும்பாலான ரயில், கேபிள் கார் கட்டணங்கள் பாதியாகும். தினமும் ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்கு சுவிஸ் டிராவல் பாஸ் லாபம். ஆனால், அதில் யுங்ஃப்ராவ்யோக் இலவசம் இல்லை. கடைசிக் கட்டத்துக்கு 25 சதவிகிதம் தள்ளுபடிதான். ஒரே ஊரில் தங்கி மலையேறுபவர்கள் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இவற்றோடு ஃபேமிலி கார்டு கேட்டு வாங்கினால், பெற்றோருடன் வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ரயில், பஸ், படகு இலவசம்.

சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுத்தால் சாப்பாட்டுச் செலவு பெரிதும் குறையும். மிக்ரோஸ், கோஆப் சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, காய்கறி, தயிர் கிடைக்கும். ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பருப்புப் பொடி, ரசப்பொடி கொண்டுபோகலாம். நம்மூரிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் எடுத்துப்போக அனுமதி இல்லை என்பதால் நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

விசா முதலில்

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால் கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. நிராகரித்தால் இந்தப் பணம் திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஹோட்டலாகவே புக் செய்யுங்கள்.

கடைசியாக, ஐந்து நாளில் ஒரு நாளாவது எந்தத் திட்டமும் போடாமல் காலியாக விடுங்கள். வானம் எப்போது தெளிகிறதோ, அன்று மலைக்குக் கிளம்ப அந்த நாள் உதவும்.