ஒரே கப்பல், மூன்று கடப்பிதழ்

சுங்கை பூலோ நிலையத்தில் நின்றால் இரண்டு பயணங்கள் தொடங்கும். கொமுட்டர் ரயில் கோலாலம்பூர் சென்ட்ரல், கிள்ளான் வழியாகக் கிள்ளான் துறைமுகம் வரை போகும். எம்.ஆர்.டி. புத்ராஜெயா வரை போகும். முதல் ரயிலின் கடைசி நிறுத்தம் கடல். இரண்டாவதின் கடைசி நிறுத்தம், குடிநுழைவுத் துறையின் தலைமையகம் இருக்கும் ஊர். கடலுக்குப் போக ஆசைப்பட்டால் முதலில் புத்ராஜெயா ரயிலைத்தான் பிடிக்க வேண்டும் என்பதைக் கடந்த ஆண்டு எங்கள் பாட்டி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் உல்லாசக் கப்பலில் போகலாம் என்று ஆகஸ்டு மாதமே முடிவு செய்தோம். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, புக்கெட், சிங்கப்பூர் பார்த்துவிட்டு மறுபடியும் கிள்ளானுக்கே திரும்பும் பயணம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா, பாட்டி. கும்பகோணத்திலிருந்து சித்தியும் வந்து சேர்ந்துகொள்வார்.

பதிவு செய்துகொடுத்த முகவர் உற்சாகமாகச் சொன்னார்: “குரூஸ்தானேக்கா, காலையில இறங்கி சாயங்காலம் ஏறிடுவீங்க. விசாலாம் வேணாம்.”

முன்பணம் கட்டினோம். அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, டிக்கெட்டோடு வந்த நிபந்தனைகளைப் படித்தேன். வானொலியில் விளம்பரங்களுக்கு இறுதியில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று மூச்சுவிடாமல் வாசிக்கும் வேலை எனக்கு. அந்த நிபந்தனைகளை நானே உட்கார்ந்து படித்தது அதுவே முதல் முறை.

அதில் ஒரு வரி இருந்தது. கப்பல் தொடும் எல்லா நாடுகளுக்கும் உரிய பயண ஆவணங்களை வைத்திருப்பது பயணியின் பொறுப்பு. கரையிறங்காமல் கப்பலிலேயே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மறுநாள் காலை சமையலறை மேசையில் எல்லாருடைய கடப்பிதழ்களையும் பரப்பினேன். எங்கள் ஐவருடையதும் சிவப்பு மலேசியக் கடப்பிதழ்கள். சித்தியின் நீல நிற இந்தியக் கடப்பிதழின் படம் கைப்பேசியில் இருந்தது. பாட்டி தன் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்ததும் நீலம்தான். ஆனால் அது காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாட்டியின் சிவப்பு அட்டை

பாட்டி 1952-இல், ஆறு வயதுச் சிறுமியாக, நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ ஏறி வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் வரை ஓடிக்கொண்டிருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம். பாட்டி வந்த மறு ஆண்டே புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்து கதவு ஒடுங்கிவிட்டது.

சுங்கை பூலோவில் ஆர்.ஆர்.ஐ. எனப்படும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் தோட்டத்தில் வளர்ந்தார், அங்கேயே பால்மரம் வெட்டினார், அங்கேயே திருமணம். நாடு சுதந்திரம் பெற்ற நேரத்தில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளும்படி பாட்டியின் அப்பாவுக்கு எடுத்துச்சொல்ல ஆளில்லை. இன்று பாட்டிக்கு 79 வயது. கையில் இருப்பது நிரந்தரக் குடியிருப்பாளருக்கான சிவப்பு அடையாள அட்டை.

மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அந்த அட்டை போதும். அதனால் எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நாட்டைவிட்டு ஓர் அடி வெளியே வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. சிவப்பு அட்டை பயண ஆவணம் அல்ல. பாட்டிக்குச் செல்லத்தக்க இந்தியக் கடப்பிதழ் வேண்டும். அதோடு, மலேசியாவுக்குத் திரும்பி நுழைவதற்கான மறுநுழைவு அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் போய்விட்டு வந்தால், எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த நாட்டின் வாசலில், தான் இங்கே வசிப்பவர் என்பதையே அவர் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

“நான் வரல, நீங்க போயிட்டு வாங்க” என்றார் பாட்டி. சற்று நேரம் கழித்து, “அந்தக் கப்பல் நாகப்பட்டினத்துக்கெல்லாம் போகாதா?” என்று கேட்டார்.

போகாது. ரஜூலாவுக்குப் பிறகு வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கடல்வழி நின்றுபோனது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் படகுச் சேவை 2023-இல் தொடங்கியது. இந்தப் பக்கம் வரும் கப்பல் இல்லை. பாட்டியின் கேள்விக்குப் பிறகு, அவரை விட்டுவிட்டுப் போகும் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

ஆளுக்கு ஓர் எல்லை

கப்பல் ஒன்றுதான். ஆனால் விசா விதி, டிக்கெட்டைப் பார்ப்பதில்லை, கடப்பிதழைத்தான் பார்க்கிறது. எங்கள் எழுவருக்கும் போட்ட பட்டியல் இப்படி அமைந்தது.

மலேசியக் கடப்பிதழ் உள்ள எங்களுக்குச் சுலபம். தாய்லாந்துக்கும் சிங்கப்பூருக்கும் சுற்றுலா விசா வேண்டாம்.

சித்திக்கு மூன்று நாடு, மூன்று விதி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியா உட்பட 93 நாடுகளுக்கு விசா விலக்கு அறிவித்தது. சிங்கப்பூருக்கு மட்டும் விசா வேண்டும். இந்தியர்களுக்கு அங்கே 96 மணி நேர இடைத்தங்கல் சலுகை ஒன்று உண்டு. ஆனால் அது அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் செல்லத்தக்க விசா வைத்திருந்து, வேறொரு நாட்டுக்குப் போகும் வழியிலோ அங்கிருந்து திரும்பும் வழியிலோ இருப்பவர்களுக்கானது. கும்பகோணத்துச் சித்திக்கு அது பொருந்தாது.

பாட்டி மலேசியாவில் எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும், சிங்கப்பூருக்கு அவர் இந்தியக் கடப்பிதழ்க்காரர்தான். அவருக்கும் விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி. விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது.

இவற்றோடு, இணையத்தில் நிரப்பும் வருகை அட்டைகள் தனி. மலேசியாவுக்குள் வரும் வெளிநாட்டவர், வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சித்தி விமானத்தில் வரும்போது ஒருமுறை நிரப்பினார். கப்பலில் வெளியே போய்த் திரும்புவது இன்னொரு வருகை என்பதால் மறுபடியும் நிரப்பினார். நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு இதில் விலக்கு உண்டு. சிவப்பு அட்டையால் பாட்டிக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே போன்ற அட்டையைக் கட்டாயமாக்கிவிட்டது. சிங்கப்பூரிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

பாட்டிக்கான வேலைகளில் வரிசை முக்கியம். முதலில் கடப்பிதழ். புதிய கடப்பிதழ் வந்த பிறகு மறுநுழைவு அனுமதி. பிறகு சிங்கப்பூர் விசா. ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொட முடியாது. கடப்பிதழ் விண்ணப்பத்துக்கு, பழைய கடப்பிதழில் இருந்த அப்பா பெயரின் எழுத்துகளும் சிவப்பு அட்டையில் இருந்த எழுத்துகளும் ஒத்துப்போகவில்லை. அதற்கு ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்தோம். புத்ராஜெயாவுக்கு இரண்டு முறை எம்.ஆர்.டி.யில் போய்வந்தோம். “கப்பல்ல வந்த நாளைவிட இந்த ரயில்ல போன நாள்தான் ஜாஸ்தி போல” என்று பாட்டி சிரித்தார். கடைசி ஆவணம் கைக்கு வந்தபோது பயணத்துக்கு ஒன்பது நாள்கள் இருந்தன.

அப்படியானால் ‘கப்பல் பயணிகளுக்கு விசா வேண்டாம்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய்யும் அல்ல. ஜப்பானில் 2015 முதல், அரசு அங்கீகரித்த உல்லாசக் கப்பல்களில் வரும் பயணிகள் விசா இல்லாமல் கரையிறங்க அனுமதி உண்டு. சீனா 2024 மே மாதத்திலிருந்து, கப்பலில் வரும் சுற்றுலாக் குழுக்களை 13 துறைமுக நகரங்கள் வழியாக 15 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனால் இரண்டிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வந்த கப்பலிலேயே திரும்பிப் போக வேண்டும். சலுகை நமக்குத் தரப்பட்டதல்ல, கப்பலோடு கட்டப்பட்டது. கடைத்தெருவில் நேரம் போனது தெரியாமல் கப்பலைத் தவறவிட்டால், சலுகையும் கப்பலோடு போய்விடும்.

இந்தியாவுக்குக் கப்பலில் போகும் மலேசியர்களுக்கும் விசா தேவை. இ-விசாவோடு இறங்குவதற்கென்று குறித்துவைத்த துறைமுகங்களில் சென்னை, கொச்சி, மும்பை, கோவா, மங்களூரு ஆகியவை உண்டு. அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் கப்பல் என்றால் மலேசியர்கள் அமெரிக்க விசாவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

முனையத்தில்

புறப்படும் நாளில் இன்னொரு பாடம். ‘கிள்ளான் துறைமுகத்தில்தானே கப்பல், வீட்டுப் பக்கத்திலிருந்து நேரே ரயிலில் போய்விடலாம்’ என்று நினைத்திருந்தோம். கொமுட்டர் நின்றுவிடும் இடத்துக்கு அருகே இருப்பது புலாவ் கெத்தாமுக்குப் போகும் படகுத்துறை. உல்லாசக் கப்பல் முனையம் இருப்பது புலாவ் இண்டாவில். அங்கே பாலம் கடந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். பெட்டிகளோடு இரண்டு கார்களில் போனோம்.

பதிவு முகப்பில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். மாமனார், மாமியார், மகள், கைக்குழந்தை ஆகியோருக்கு மலேசியக் கடப்பிதழ். கோலாலம்பூரில் வேலை அனுமதியோடு இருக்கும் மருமகனுக்கு மட்டும் இந்தியக் கடப்பிதழ். சிங்கப்பூர் விசா இல்லை. “நான் இறங்க மாட்டேன், கப்பல்லயே இருக்கேன்” என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். முகப்பில் இருந்த பெண் மரியாதையாகவே மறுத்தார். ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் பொறுப்புக் கப்பல் நிறுவனத்தின் மீதுதான் விழும். அதனால்தான் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

மாமனார் மகளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஏறினார். அந்த இளைஞர் குழந்தையின் பால்புட்டிப் பையைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தார். பணம் கட்டியாகிவிட்டது, திரும்பி வராது. அவரிடமும் யாரோ ‘குரூஸ்தானே’ என்று சொல்லியிருப்பார்கள்.

எங்கள் முறை வந்தது. பாட்டியின் கடப்பிதழைப் புரட்டிய அந்தப் பெண், மறுநுழைவு அனுமதியைப் பார்த்தார், சிங்கப்பூர் விசாவைப் பார்த்தார், சிவப்பு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நாங்கள் மூன்று மாதம் அலைந்தது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

புக்கெட்டில் கப்பல் சற்றுத் தள்ளி நங்கூரமிட, சிறு படகில் கரைக்குப் போக வேண்டியிருந்தது. “நான் வரலப்பா” என்று மேல்தளத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் பாட்டி. சிங்கப்பூரிலும் கால் வலி என்று இறங்கவில்லை. அத்தனை பாடுபட்டு வாங்கிய விசா, ஒரு முத்திரைகூட விழாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் அது இல்லாமல் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே முடியாது.

ரஜூலாவில் தளத்தில் பாய் விரித்துப் படுத்ததையும், அவருடைய அம்மா ஒரு பித்தளைச் செம்பைப் பயணம் முழுவதும் மடியிலேயே வைத்திருந்ததையும் அந்த நான்கு நாளில்தான் எங்களுக்குச் சொன்னார். “அப்ப எங்கிட்ட ஒரு தாளும் இல்ல. எங்கம்மா கையப் புடிச்சிட்டு எறங்கினேன், அவ்வளவுதான்.”

திரும்பியபோது குடிநுழைவு முகப்பில் சித்தி வெளிநாட்டவர் வரிசைக்குப் போனார். பாட்டிக்கு எந்த வரிசை என்று எங்களுக்கே குழப்பம். அங்கிருந்த அதிகாரி பாட்டியின் தள்ளாட்டத்தைப் பார்த்து எங்களோடேயே வரச் சொன்னார். அனுமதியைப் பார்த்தார், முத்திரை குத்தினார். “ரூமா டி மானா, நேனேக்?” என்று கேட்டார். எந்த ஊர் என்ற கேள்விக்குப் பாட்டி யோசிக்கவே இல்லை. “சுங்கை பூலோ” என்றார்.

புறப்படும் முன்

• ஒவ்வொருவரின் கடப்பிதழையும் தனித்தனியாக வைத்து, கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பாருங்கள். விமானத்தில் போனால் விசா வேண்டுமென்றால், கப்பலுக்கும் வேண்டும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். விலக்கு இருந்தால் அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்திலும் கப்பல் நிறுவனத்திடமும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடும், பயணத்துக்கு முந்தைய வாரம் இன்னொரு முறை பாருங்கள்.

• கப்பல் புறப்பட்ட நாட்டுக்கே திரும்புவதும் ஒரு நுழைவுதான். வெளிநாட்டு உறவினரை அழைத்துப் போனால், அவரது விசா இரண்டாவது நுழைவையும் அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

• கப்பல் நிறுவனங்கள் பொதுவாகக் கடப்பிதழில் ஆறு மாதக் கால அளவு எஞ்சியிருக்க வேண்டும் என்று கேட்கும்.

• வீட்டில் சிவப்பு அடையாள அட்டையோடு பெரியவர்கள் இருந்தால், பயணத் திட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் அவர்களுடைய கடப்பிதழையும் மறுநுழைவு அனுமதியையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு மூன்று மாதம் இருந்தது. ஊரில் ஒரு சாவு, கல்யாணம் என்று அவசரமாகப் போக வேண்டி வந்தால் மூன்று நாள்கூட இருக்காது.