முப்பத்தொன்பதில் ஒரு கம்பளிப்புழு

மகள் தினமும் ராத்திரி ‘தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்’ பக்கத்து ஓட்டைக்குள் விரலை விட்டபடியே தூங்கிப்போவாள். அப்புறம்தான் லேப்டாப்பைத் திறப்பேன். ஆபீஸ் கோடிங் முதலில், கட்டுரை கடைசியில். முப்பத்தாறு வயசாச்சு, இனிமே என்னத்த எழுதி?

அதை எழுதி வரைந்த எரிக் கார்லும் நியூயார்க்கில் விளம்பர கம்பெனியில் வேலை பார்த்தவர்தான். ஒரு விளம்பரத்துக்கு அவர் செய்த சிவப்பு லாப்ஸ்டரைப் பார்த்துத்தான் பில் மார்ட்டின் ஜூனியர் தன் புத்தகத்துக்குப் படம் வரையக் கூப்பிட்டார். அது 1967இல் வந்தது. பிறகொரு நாள் காகிதக் கட்டில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டபோது, புத்தகப்புழு ஒன்று அவர் மனசில் வந்தது. எடிட்டர் சொல்லி அது கம்பளிப்புழு ஆனது. 1969இல் புத்தகம் வெளியானபோது கார்லுக்கு வயது 39.

வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலைதான் அவரைப் புத்தகத்துக்குக் கூட்டிவந்தது. நேற்று மகளின் விரலை மெதுவாக எடுத்துவிட்டு, முதலில் கட்டுரையைத் திறந்தேன்.