மேட்டுப்பாளையத்தில் ஒரு பகல்

கோயமுத்தூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால், நீலகிரி மலை எழுந்து நின்று வழிமறிப்பது போன்ற இடத்தில் மேட்டுப்பாளையம் இருக்கிறது. உதகைக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் செல்வோர் இவ்வூரை ஒரு வாசற்படியாகவே கருதிக் கடந்துவிடுகின்றனர். காப்பி அருந்துவார்கள், பவானிப் பாலத்தில் ஆற்றைப் பார்ப்பார்கள், மலைரயில் நிலையத்தின் முன் படம் எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவே. நாங்களும் பல ஆண்டுகள் அப்படியே சென்றிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் ஒரு பகல் முழுவதும் அங்கே தங்க நேர்ந்தது.

காரணம், சுண்டுவிரலினும் சிறிய ஒரு போல்ட்.

எங்கள் வண்டி 1997-இல் வாங்கிய மாருதி 800. அந்தப் பெயரை அறியாத வாசகர் இரார். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட காலத்தில் 25 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. பல குடும்பங்கள் முதன்முதலாகச் சொந்தமென்று ஏறியமர்ந்த கார் அதுவே. அன்று அதன் பின்னிருக்கையில் பெரியம்மாவும், அவர் மடியில் நிச்சயதார்த்தப் புடவையும், காலடியில் வெற்றிலைக் கட்டும் இருந்தன. மறுநாட்காலை கோத்தகிரியில் எங்கள் தங்கை மகளுக்கு நிச்சயம்.

பவானியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் எஞ்சினுள் கடகடவென்று ஓர் ஒலி; அடுத்த கணம் அமைதி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழன்றது. ஆனால் வழக்கமான திணறல் இன்றி, வெற்று இராட்டினம்போல் இலேசாகச் சுழன்றது. தள்ளிக்கொண்டு போக இருவர் உதவ, சாலையோரப் பட்டறை ஒன்றில் கொண்டு நிறுத்தினோம்.

மேட்டுப்பாளையத்தில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மலையில் விளையும் உருளைக்கிழங்கும் பூண்டும் இங்குள்ள மண்டிகளுக்கு வந்தே ஏலம் போகின்றன. பாக்கும் வாழையும் சமவெளியிலிருந்து சேர்கின்றன. ஆகவே இரவும் பகலும் லாரிகள். லாரிகள் உள்ள ஊரில் லேத்துகளும் வெல்டிங் கடைகளும் தாமே முளைக்கின்றன. மலையேறி இறங்கும் வண்டியின் பிரேக்கும் கிளச்சும் தேய்வதை நம்பியே ஒரு தெரு முழுவதும் பிழைக்கிறது.

பட்டறைக்காரர் அறுபதை நெருங்கியவர். எஞ்சின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் குறை கண்ணில் பட்டது. எஞ்சினின் அடியில் சுழலும் தண்டிலிருந்து மேலே உள்ள கேம்ஷாப்டுக்குப் பல்வைத்த ரப்பர் வார் ஒன்று ஓடுகிறது. தையல் இயந்திரத்தின் வாரை நினைத்துக்கொண்டால் போதும். ஆனால் தையல் இயந்திரத்தின் வார் சிறிது வழுக்கினாலும் கேடில்லை, இது ஒரு பல்லும் வழுக்கலாகாது. கீழ்த்தண்டு இருமுறை சுற்றினால் கேம்ஷாப்ட் ஒருமுறை சுற்றி, வால்வுகளை உரிய கணத்தில் திறந்து மூட வேண்டும். கேம்ஷாப்டின் முனையில் வார் ஓடும் சக்கரத்தை, அதாவது புல்லியை, இறுக்கிப் பிடித்திருப்பது ஒரே போல்ட். அதன் தலை முறிந்து மூடிக்குள் கிடந்தது. தண்டு கேம்ஷாப்டின் மரைக்குள்ளேயே தங்கிவிட்டது.

முறிந்த தலையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார் அவர். முறிவின் பெரும்பகுதி கருத்திருந்தது. ஓர் ஓரம் மட்டும் வெள்ளிபோல் மின்னியது.

“இது இன்னிக்கு ஒடஞ்சதில்லீங்க. ரொம்ப நாளா கொஞ்சங் கொஞ்சமா ஒடஞ்சுட்டே வந்திருக்குதுங்க. மின்னுது பாருங்க, அது மட்டுந்தான் இன்னிக்கு.”

சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில் வார் மாற்றியிருந்தோம். அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட் நீண்டுவிடும் என்றும், நீண்ட போல்ட் பிடிப்பை இழக்கும் என்றும், பிடிப்பு இழந்ததும் புல்லி நுண்ணிதாக ஆடத் தொடங்கும் என்றும், அந்த ஆட்டமே விரிசலை வளர்க்கும் என்றும் அவர் விளக்கினார். ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகி முழுப் பலத்தையும் காட்டுவது கைத்திறன் என்று எண்ணுகிற பட்டறைகள் எத்தனையோ!

இனி என்ன செய்வது? இரண்டு வழிகள் என்றார். எஞ்சினின் தலைப்பகுதியைத் திறந்து வேறு கேம்ஷாப்ட் போடலாம். இரண்டு நாட்கள் ஆகும். அல்லது, உள்ளே சிக்கிய துண்டின் நடுவில் துளையிட்டு வெளியே எடுக்கலாம். துளை நடுவிலிருந்து சற்று விலகினாலும் கேம்ஷாப்டின் மரை அழிந்துவிடும். பிறகு முதல் வழிதான். “நீங்க சொல்லுங்க” என்று கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பெரியம்மாவோ பஸ்ஸில் மலையேறினால் மயங்கி விழக்கூடியவர். அவர்தாம் முதலில் பேசினார்: “நீ எடுத்துப் பாருப்பா, தம்பி. நாங்க இங்கேயே உட்கார்ந்திருக்கோம்.”

துண்டின்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுக்கலாமே என்றான் பட்டறைப் பையன். அதுவும் நல்ல முறையே. ஆனால் அங்கே கேம்ஷாப்டைச் சுற்றி ரப்பரால் ஆன ஆயில் சீல் இருப்பதால் வெப்பம் ஆகாதென்று பெரியவர் மறுத்தார். கெட்டி எஃகாலான எக்ஸ்ட்ராக்டர் என்னும் கருவியையும் அவர் விரும்பவில்லை. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடவும் இயலாது.

அவர் செய்தது இது. புல்லி அமரும் கேம்ஷாப்ட் முனையின் விட்டத்தை அளந்து காகிதத்தில் எழுதி, இரண்டு கடை தள்ளியிருந்த லேத்துக்கு அனுப்பினார். அரைமணியில் ஒரு தொப்பிபோன்ற இரும்பு புஷ் வந்தது. முனைமேல் அசையாமல் பொருந்தியது. அதன் சரிநடுவே 3 மில்லிமீட்டர்த் துளை. அந்தத் துளையின் வழியே டிரிலைச் செலுத்தினால் அது விலக விரும்பினாலும் விலக முடியாது. கை நடுங்கக்கூடும் என்று முன்கூட்டியே அறிந்து, கையை நம்பாமல் வேலையை அமைத்த அந்த அறிவை நாங்கள் வியந்தோம்.

எஞ்சினைத் தாங்கும் பிடியொன்றைக் கழற்றி, ஜாக்கியால் சற்றுச் சாய்த்து, டிரில் நேராக நுழைய இடம் செய்தார். எண்ணெய் விட்டு விட்டு, மெதுவாக, முதல் துளை முடிய இருபது நிமிடங்கள் ஆயின. சாலையில் லாரிகள் உறுமின. சற்றுத் தொலைவில் மலைரயிலின் பாதை கல்லாறு நோக்கிச் செல்கிறது; 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அப்பாதையில், கல்லாறுக்கு மேல் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் கவ்வித்தான் ஏறுகிறது. பல்லோடு பல் பொருந்துவதன் அருமையை அன்று நாங்கள் புதிதாக உணர்ந்தோம்.

பின்னர் எண்ணெய்த் துணியில் சுற்றிவைத்திருந்த இடப்புறமாக வெட்டும் டிரில் ஒன்றை எடுத்தார். சாதாரண டிரில் துண்டை மேலும் உள்ளே முறுக்கும். இதுவோ வெட்டும்போதே கழற்றும் திசையில் திருப்பும். தலை போனதும் போல்டின் இழுவிசையும் போய்விடுவதால் துண்டு உள்ளே இறுகி இருப்பதில்லையாம். மூன்றாம் அழுத்தலில் ‘கிறீச்’ என்ற ஒலி. துண்டு டிரிலோடு சேர்ந்து சுழன்று வெளியே வந்தது. பையன் கைதட்டினான். பெரியவர் விளக்கை உள்ளே பிடித்து மரையைப் பார்த்த பிறகே முகம் மலர்ந்தார்.

வாங்கி வந்த போல்டு ஒன்றை, தலையில் எண்ணே இல்லையென்று திருப்பி அனுப்பினார். 8.8, 10.9 போன்ற எண்கள் போல்டின் வலிமையைக் குறிப்பவை. உரிய போல்ட் வந்ததும், புல்லியின் குறிகளைப் பொருத்தி, வாரை மாட்டி, அளவுகாட்டும் டார்க் ஸ்பேனரால் அது ‘டிக்’ என்னும் வரை மட்டும் இறுக்கினார். சாவியைத் தொடுமுன் எஞ்சினைக் கையாலேயே இருமுறை முழுதாகச் சுற்றினார். உள்ளே எங்கும் இடிக்கவில்லை, குறிகள் மீண்டும் நேர்நின்றன.

மாலை நான்கரைக்கு எஞ்சின் முனகாமல் ஓடியது. கூலி 1,400 ரூபாய்; லேத்துக்குத் தனியே 150. இறங்கி வரும்போது வந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

இருட்டும் நேரத்தில் கோத்தகிரி சேர்ந்தோம். புடவை கசங்கவில்லை, வெற்றிலைதான் சற்று வாடியிருந்தது. மூன்றாம் நாள் திரும்புகையில் பட்டறையில் நிறுத்தினோம். மூடியைத் திறந்து ஸ்பேனரை வைத்துப் பார்த்தார், போல்ட் அசையவில்லை. பணம் வாங்க மறுத்துவிட்டு, கிழங்கு மூட்டைகளுடன் காத்திருந்த லாரியின் அடியில் படுத்துக்கொண்டார்.